முதல் பெஞ்சுக்கு ஒரு சான்றிதழ்

தும்பியின் கவனம் ஓர் இடத்தில் நிற்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அது தப்பு. நன்றாகவே நிற்கும், டீச்சர் நிற்கச் சொன்ன இடத்தில்தான் நிற்காது. கரும்பலகையில் பெருக்கல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அது ஜன்னலைத் தாண்டி, எதிர்க் கட்டடத்துக்கு வண்ணம் பூசுகிறவரின் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும். ஏணிக்கு எத்தனை படி, அதில் எந்தப் படி ஆடுகிறது, வாளியில் எவ்வளவு வண்ணம் மிச்சம் என்று கேட்டால் அட்சர சுத்தமாகச் சொல்லுவாள். அந்த நேரம் பார்த்து ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் திருதிருவென விழிப்பாள். வீட்டில் ஆற அமரக் கேட்டால் ஐம்பத்தாறு என்று பட்டென்று வரும்.

வயது எட்டு. தும்பி என்பது வீட்டுப் பெயர். பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் நீளமான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அதுவும் பள்ளியின் புகார்ப் பட்டியலில் ஆறாவதாக இருந்தது.

அரையாண்டுத் தேர்வில் பத்துக் கேள்விகளில் முதல் மூன்றுக்கு முத்து முத்தாக விடை எழுதியிருந்தாள். மீதி ஏழுக்கு விடைத்தாள் வெள்ளையாக இருந்தது. ஆண்டுத் தேர்விலும் இப்படியே நடந்தால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அதற்கு மூன்று மாதம் இருந்தது.

தும்பியின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யார் எந்த இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டாலும் அவருடைய போன்தான் அடிக்கும். அதனால் வீட்டில் மகள் ஏதாவது சொன்னால் அவரிடமிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். காதில் விழுந்ததற்கான சத்தம் இல்லை அது. வண்டி ஓடாமல் இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருப்பது மாதிரி ஒன்று. அந்தக் கடிதம் வந்த அன்று மட்டும் அவர் போனை அணைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனார்.

வகுப்பு டீச்சர் நல்ல மனுஷி. சுற்றி வளைக்காமல் பேசினார்.

"சார், இவளுக்கு எல்லாம் தெரியும். முதல் பெஞ்சுல என் பக்கத்துல உட்கார வச்சு, ஒவ்வொரு கேள்வியா வாய்விட்டுப் படிச்சேன்னா எழுதிடுவா. கூட ஒரு அரை மணி நேரம் குடுக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப உட்கார வச்சிடுங்க டீச்சர்."

டீச்சர் சுவரைப் பார்த்தார். அங்கே கண்ணாடி போட்டு மாட்டிய இருக்கை வரைபடம் தொங்கியது. வருடத் தொடக்கத்தில் பிள்ளைகளின் உயரத்தை அளந்து, குட்டையானவர் முன்னால், நெட்டையானவர் பின்னால் என்று தலைமை அலுவலகம் வகுத்த வரைபடம். மூன்று முத்திரை குத்தியிருந்தது. தும்பி வயதுக்கு மீறிய உயரம், அதனால் கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம். வரைபடத்தில் டீச்சரின் நாற்காலியும் இருந்தது. காற்றுக்காக அதை ஒருமுறை மின்விசிறிக்கு நேரே நகர்த்தியதற்கு விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை அவர் இன்னும் பத்திரமாக வைத்திருந்தார். இடம் மாற்றவேண்டுமானால் கவன வளர்ச்சி வாரியத்தின் சான்றிதழ் வேண்டும் என்றார்.

விஷயத்தைக் கேட்ட தும்பியின் அம்மா, "நம்ம பொண்ணுக்குக் கவனம் இல்லைன்னு நாமளே எழுதிக் குடுக்கணுமாங்க?" என்றாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், எதையும் எண்ணிப் பார்த்துத்தான் பேசுவாள். எழுதிக் கொடுத்தால்தான் முதல் பெஞ்சு என்று மெக்கானிக் விளக்கினார். "எழுதிக் குடுங்க. அப்படியே அவ ஏதாச்சும் சொன்னா கொஞ்சம் காது குடுத்தும் கேளுங்க," என்றாள் அவள். மெக்கானிக் "ம்ம்" என்றார்.

வாரியம் ஆறு மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறியதும் தும்பி குனிந்து கதவடியைப் பார்த்து ஏதோ சொன்னாள். மெக்கானிக் கையில் பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, மதிப்பெண் பட்டியல், இவை மூன்றும் உண்மை என்பதற்கான சான்று எல்லாம் இருந்தன. "ம்ம், பேசாம வா கண்ணு," என்றார்.

காத்திருப்புக் கூடத்தில் 'கவனம் சிதறாதீர்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. அந்தப் பலகையைச் சுற்றிச் சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்து அணைந்தன. அதன் இரண்டு பக்கமும் இரண்டு தொலைக்காட்சிகள், இரண்டிலும் வெவ்வேறு நிகழ்ச்சி. வாரியத்தின் சாதனைகளை ஒலிபெருக்கி ஒன்று படித்துக்கொண்டே இருந்தது. டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதும் அதே ஒலிபெருக்கிதான். சாதனைக்கும் எண்ணுக்கும் நடுவே மூச்சுவிடுகிற இடைவெளிகூட இல்லாததால் பலர் தங்கள் முறையைத் தவறவிட்டு மறுநாள் வந்திருந்தார்கள். ஒருவர் நான்கு மாதமாக வருகிறாராம். வாரியத்தின் சாதனைகள் அவருக்கு மனப்பாடம்.

"அப்பா, நூத்திப் பதினேழு கூப்பிட்டாங்க. நம்மது," என்று தும்பி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதனால்தான் அன்றைக்கே படிவம் கிடைத்தது.

படிவம் அறுபத்து நான்கு பக்கம். மூன்று பிரதி. கணவனும் மனைவியுமாக ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார்கள். 'நீளமான படிவங்களைக் கண்டால் குழந்தை சலித்துக்கொள்கிறதா?' என்பது முப்பதாவது கேள்வி. 'முப்பதாவது கேள்விக்கு நீங்கள் எழுதிய விடை நினைவிருக்கிறதா?' என்பது நாற்பத்தொன்றாவது. ஐம்பதாவது கேள்வி இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அதை யார் கவனிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக இருக்கலாம் என்று மனைவி சொன்னாள். கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று அதிலும் 'ஆம்' என்று எழுதினார்.

இரண்டாம் முறை போனபோதும் லிஃப்டில் தும்பி கதவடியைக் காட்டினாள். மெக்கானிக் மூன்று பிரதிகளிலும் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறையும் "ம்ம்" போதுமானதாக இருந்தது.

படிவத்தைச் சரிபார்க்கும் குமாஸ்தா மிகவும் நேர்மையானவர். வாரியத்துக்கு ஒரு விதி உண்டு: சரிபார்க்கும்போது கவனம் கலைந்தால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் அதைக் கடைப்பிடித்தார். மெக்கானிக் ஒருமுறை தும்மினார், முதல் பக்கம். ஒலிபெருக்கி ஒரு புதிய சாதனையைச் சொன்னது, முதல் பக்கம். பிறகு யாருமே மூச்சு விடாமல் இருந்தும், இருபத்திரண்டாம் பக்கம் வந்ததும் குமாஸ்தா நிமிர்ந்து நெற்றியைத் தேய்த்தார். "இந்தப் பக்கத்த ஏற்கெனவே படிச்ச மாதிரி இருக்கு. கவனம் கலைஞ்சிருச்சு, மன்னிச்சிடுங்க," என்று முதல் பக்கத்துக்குப் போனார். ஒன்பது முறை அப்படி நடந்தது. பத்தாவது முறை அவருடைய குரல் தழுதழுத்தது.

"ஆறு வருஷமா எனக்கு இதே பக்கத்துலதான் சார் கலையுது. டாக்டர்கிட்டகூடப் போய்ப் பார்த்துட்டேன்."

"அங்கிள், இருபத்திரண்டாம் பக்கம் ரெண்டு தடவ அச்சடிச்சிருக்காங்க," என்றாள் தும்பி.

குமாஸ்தா பக்கத்தைப் புரட்டினார். திருப்பிப் புரட்டினார். பக்கத்து மேசையில் இருந்த வேறு படிவத்தை எடுத்துப் பார்த்தார், அதிலும் இரண்டு இருந்தது. ஆறு வருடத்தில் வாரியம் மொத்தம் ஆறே ஆறு சான்றிதழ்கள் கொடுத்திருந்தது. அந்த ஆறு பேரின் படிவத்தில் குத்தியிருந்த பின் தளர்ந்து, அந்த இரண்டில் ஒன்று விழுந்திருக்கவேண்டும். அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தின் கடைசிப் பக்கத்தில் தன் கடமையைச் செய்தார்: 'கேட்காமலே பதில் சொல்கிறாள். கவனம் தேவையற்ற இடங்களுக்குப் போகிறது.' குழு விசாரணைக்குத் தேதி கொடுத்தார்.

விசாரணை நாளுக்குள் இரண்டரை மாதம் ஓடிவிட்டது. தேர்வுக்குப் பதினைந்து நாள்தான் மிச்சம். மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலைவர் வராமல் மேலே விடமுடியாது என்று காவலாளி சொன்னதால் தரைத் தளத்திலேயே காத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தலைவர் வந்தார். பின்னால் ஒரு பெண் நிபுணரும், குறிப்பெடுக்கும் செயலாளரும். ஐந்து பேரும் ஒரே லிஃப்டில் ஏறினார்கள். மூன்றாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது.

செயலாளர் அபாய மணியை அழுத்தினார், அது அடிக்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. மூவரும் கொஞ்ச நேரம் தத்தம் போனைப் பார்த்தார்கள். அதற்குப்பிறகு பார்ப்பதற்கு ஒருவர் முகத்தை ஒருவர்தான் மிச்சம். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"குழுவுல மூணு பேரும் இருக்கோம். மனுதாரரும் இருக்காரு. நேரத்த ஏன் வீணாக்கணும்? விசாரணைய இங்கயே வச்சுக்கலாம். நான் பேசுவேன். பேசி முடிச்சதும் என்ன பேசினேன்னு கேப்பேன். அதுதான் சோதனை."

மெக்கானிக்கின் ஒரு காது கதவில் ஒட்டியிருந்தது. லிஃப்ட் நின்றால் அந்தக் காது தானாகவே அங்கே போய்விடும், அவரைக் கேட்பதில்லை. தலைவர் பேசத் தொடங்கினார்.

"கவனம்ங்கறது மூணு விஷயம். முதலாவது, காது குடுத்துக் கேக்கறது. போன மாசம் ஒரு அம்மா என் முன்னால உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதாங்க. என்னமோ சொன்னாங்க. என்ன சொன்னாங்கங்கறது முக்கியமில்ல. நான் கேட்டேன் பாருங்க, அதுதான் முக்கியம். ரெண்டாவது, பொறுமை. இத்தனை வருஷத்துல அவசரப்பட்டு ஒருத்தருக்காவது உதவி பண்ணிட்டோம்னு எங்க வாரியத்தப் பார்த்து யாராவது ஒரு வார்த்த சொல்ல முடியுமா? ஒரு புள்ளைக்கு இடம் மாத்தணும்னு கேட்டு வர்றாங்க. நாங்க மாத்திக் குடுத்தா, புள்ளை படிச்சிடும். படிச்சிட்டா அதுக்குக் கவனக்குறைவு இருந்துச்சுன்னு எப்படி நிரூபிக்கறது? அதனாலதான் முதல்ல புள்ளை தோக்கட்டும்னு காத்திருக்கோம். இது இரக்கம் இல்லாம செய்யறதில்ல. முறை."

நிபுணர் தலையாட்டினார். தலையாட்டியபடியே தன் குறிப்பேட்டில் என்னமோ எழுதினார். செயலாளரும் எழுதினார். தலைவர் மெக்கானிக் பக்கம் திரும்பி, தான் இப்போது சொன்னது என்ன என்று கேட்டார்.

"மோட்டார்ல ஒண்ணும் கோளாறு இல்லைங்க. கதவுலதான் எங்கயோ விட்டுப் போகுது," என்றார் மெக்கானிக்.

மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் எழுதின. அடுத்து அதே கேள்வி தும்பிக்குப் போனது. தும்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மூணு விஷயம்னு சொன்னீங்க, ரெண்டுதான் சொன்னீங்க. அந்த அம்மா அழுதாங்க, ஆனா என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. புள்ளைங்க தோக்கற வரைக்கும் காத்திருப்பீங்க. அந்த ஆன்ட்டி சோப்பு, பல்பு, பூனைக்குச் சாப்பாடுன்னு எழுதியிருக்காங்க. இந்த அங்கிள் பேனாவுல மை இல்ல, அப்பத்துலேருந்து சும்மாவே எழுதிட்டிருக்காரு."

செயலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். தும்பி அப்பாவின் கையைத் தொட்டாள்.

"அப்பா, அந்த கிளிப்பு இன்னும் அங்கயேதான் இருக்கு."

"எந்த கிளிப்பு?"

"கதவு ஓடற பள்ளத்துல. மொத நாளே சொன்னேன். நீ ம்ம்னு சொன்ன. ரெண்டாவது தடவயும் சொன்னேன். அப்பவும் ம்ம்னுதான் சொன்ன."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். உள்கதவு ஓடுகிற பள்ளத்தில், கட்டுக் காகிதங்களைப் பிடித்துவைக்கும் கறுப்பு கிளிப் ஒன்று நசுங்கிக் கிடந்தது. கதவு அதில் இடித்து, மயிரிழை அளவுக்குத் திறந்து நின்றது. அவ்வளவு திறந்தாலே எந்த லிஃப்டும் நின்றுவிடும் என்பது அவர் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது. பதினெட்டு வருடம் லிஃப்ட் பார்த்தவர் காட்டியும் பார்க்காததை, கவனம் இல்லாத பிள்ளை இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் எத்தனை "ம்ம்"முக்குப் பின்னால் என்னென்ன கிடக்கிறதோ என்று நினைத்தார். சாவிக் கொத்தால் கிளிப்பை நெம்பி எடுத்துக் கதவை அழுத்தி மூடினார். லிஃப்ட் நகர்ந்தது.

"பார்த்தீங்களா, ரெண்டாவது விஷயம், பொறுமை," என்றார் தலைவர். நான்காவது மாடியில் இறங்கும்போது மெக்கானிக்கின் கையிலிருந்த கிளிப்பை, வாரியத்தின் சொத்து என்று செயலாளர் வாங்கிக்கொண்டார்.

பத்தாம் நாள் தபாலில் தீர்ப்பு வந்தது. இரண்டு காகிதம். மனைவி உரக்கப் படித்தாள். குழந்தையின் கவனம் முழுமையாகவும் தேவைக்கு அதிகமாகவும் இருப்பதால் சலுகை மறுக்கப்படுகிறது. அவள் குரல் அங்கே உடைந்தது. மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தேர்வுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. இரண்டாவது காகிதத்தை அவள் முதலில் மனதுக்குள் படித்தாள், பிறகு கணவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இது உங்களுக்குங்க," என்றாள்.

இந்த வருடத்துக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தாகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எண் ஏழு என்று அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, பெயர் மட்டும் காலியாகத் தயாராக இருந்தது. விசாரணையில் சோதிக்கப்பட்டவர்கள் இருவர், தோற்றவர் ஒருவர். எனவே சான்றிதழ் மெக்கானிக்குக் கிடைத்தது. 'மேற்படியார் எந்த வகுப்பறையில் அமர்ந்தாலும்' என்று தொடங்கிச் சலுகைகள் பின்பக்கத்தில் இருந்தன.

மறுநாள் அதைக் கம்பெனி மேனேஜரிடம் காட்டி, தேர்வு முடியும்வரை காலையில் ஒரு மணி நேரம் விடுப்புக் கேட்டார். அவர் சான்றிதழைப் படித்துவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். "ஒரு மணி நேரமென்ன, ரெண்டு மணி நேரம் எடுத்துக்குங்க. இத மட்டும் எந்த வாடிக்கையாளர்கிட்டயும் காட்டிடாதீங்க," என்று கெஞ்சினார்.

அன்றே பள்ளியில் வகுப்பு டீச்சர் சான்றிதழின் முன்பக்கத்தைப் படித்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கத்தைப் படித்தார். ஒன்பதாவது விதியை இன்னொருமுறை படித்தார். சான்று பெற்றவர் முதல் பெஞ்சில் ஆசிரியர் அருகே அமர்வார். கேள்விகள் அவருக்கு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கப்படும். அரை மணி நேரம் கூடுதல். அவருடைய பழக்கங்களை அறிந்த குடும்பத்தார் ஒருவர் துணையாகப் பக்கத்தில் இருக்கவேண்டும். துணைக்கு இருப்பவர் மனம் நோகாதிருக்க அதே சலுகைகள் அவருக்கும் உண்டு. சான்று பெற்றவர் வராத நேரங்களில் துணை அந்த இடத்தைக் காத்துக்கொள்ளவேண்டும். முத்திரை, சுவரில் இருந்த மூன்று முத்திரைகளையும்விடப் பெரியது.

டீச்சர் சான்றிதழை மடித்தார்.

"சார், விதிப்படி உங்களுக்கு ஒரு துணை வேணும். யார வச்சுக்கறீங்க?"

மெக்கானிக் கடைசி பெஞ்சின் ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார். தும்பி ஏற்கெனவே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

தேர்வு நாள் உட்பட ஐந்து நாட்களும் மெக்கானிக் முழங்கால் இரண்டும் மேசையில் இடிக்க முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னால் இருந்த குட்டைப் பிள்ளைகளுக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவர்கள் புகார் எழுதினார்கள், அது வாரியத்துக்கு அனுப்பப்பட்டது. தேர்வன்று டீச்சர் இருவருக்குமாக ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். மெக்கானிக் மின்விசிறியைப் பார்த்தார், அதன் பேரிங் தேய்ந்திருந்தது. முழங்கையில் ஓர் இடி விழுந்தது.

"அப்பா, மேல பாக்காத. நாலாவது கேள்வி."

தும்பி நான்காவதை எழுதினாள். ஐந்தாவதை எழுதினாள். எட்டாவதில் அவளுடைய கண் ஜன்னல் பக்கம் திரும்பியபோது, டீச்சர் மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார், அது திரும்பி வந்தது. பத்தாவதை முடித்தபோது கூடுதல் நேரத்தில் ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. மெக்கானிக் அவளுடைய விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் தன்னுடையதில் மூன்றுதான் எழுதியிருந்தார்.

மதிப்பெண் அட்டைகள் இரண்டு வந்தன. தும்பி தேறியிருந்தாள், பெயர் பள்ளியில் நின்றது. அம்மா அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பிப் போனாள். மெக்கானிக்கின் அட்டையில் டீச்சர் எழுதியிருந்தார்: 'மேலே பார்க்கிறார். வெளியே பார்க்கிறார். ஆனால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்.' கீழே, பொறுப்பாளர் கையொப்பம் என்று ஓர் இடம் காலியாக இருந்தது.

தும்பி அட்டையை மேசையில் வைத்து, வரிக்கு வரி விரல் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். நடுவில் மெக்கானிக்கின் போன் அடித்தது. அவர் அதை எடுத்து அணைத்து வைத்தார்.

"அடுத்த வருஷம் ஒழுங்கா கவனிப்பியா?"

"கவனிக்கறேன்."

"ம்ம்," என்றாள் தும்பி. கையெழுத்துப் போட்டாள்.